டை முடிச்சில் எவருக்கு எது பொருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் டை அன்றாட உடை அன்று. கல்லூரி வளாக நேர்காணல், கல்யாண வரவேற்பு, திருப்பூரில் துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுடன் நடக்கும் சந்திப்பு, தனியார் வங்கி வேலை, நீதிமன்றம் என்று சில இடங்களில் மட்டுமே அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்தச் சில இடங்களும் ஒருவர் தம்மைப் புதியவர்கள் முன் நிறுத்தும் இடங்களாக இருப்பதால், கழுத்தில் இருக்கும் முடிச்சு அவருக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்களும், கல்யாண மாப்பிள்ளைகளும், அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் வழக்கமாகக் கேட்பவற்றை விடைகளோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

முடிச்சைத் தேர்ந்தெடுக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சட்டையின் காலரைப் பார்க்க வேண்டும். முகத்தையும் உடம்பையும் பார்ப்பது அதற்குப் பிறகுதான். மேல் பட்டனைப் போட்டதும் காலரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே, மேலே குறுகிக் கீழே விரியும் ஓர் இடைவெளி உண்டாகிறது. முடிச்சு அந்த இடைவெளியில்தான் உட்கார வேண்டும். காலர் முனைகளைத் தூக்கிவிடவும் கூடாது, பக்கங்களில் வெற்றிடம் விடவும் கூடாது. முனைகள் நீண்டு கீழ்நோக்கி இறங்கும் சாதாரண காலரில் இடைவெளி குறுகலாக இருக்கும் என்பதால், அதில் பெரிய முடிச்சைத் திணித்தால் காலர் முனைகள் சட்டையை விட்டு மேலே எழும்பி நிற்கும். முனைகள் தோள்பக்கமாக விலகி நிற்கும் ஸ்பிரெட் காலரிலோ சிறிய முடிச்சு போதாது. முடிச்சுக்கு இருபுறமும் கழுத்தைச் சுற்றிய பட்டை வெளியே தெரியும்.

காலர் முனைகளில் பட்டன் வைத்த சட்டைக்குச் சிறிய முடிச்சைத் தவிர வேறு எதுவும் சரிவராது. சைனீஸ் காலர் சட்டைக்கு டையே கட்டக் கூடாது. ஈரோட்டிலும் கோவை ஒப்பணக்கார வீதியிலும் நாம் எடுக்கும் ரெடிமேட் சட்டைகளில் பெரும்பாலானவை சாதாரண காலரோ, சற்றே விரிந்த காலரோ கொண்டவைதாம். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குச் சிறிய முடிச்சும் நடுத்தர முடிச்சும் போதும் என்பது என் உறுதியான கருத்து. காலருக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது டைத்துணியின் கனம். அதற்கடுத்தது, உங்கள் கழுத்தையும் உயரத்தையும் கணக்கில் கொண்டால் முடிச்சுக்கு எவ்வளவு நீளம் மிஞ்சுகிறது என்பது.

முடிச்சுகள் எத்தனை இருக்கின்றன? எத்தனை தெரிந்திருக்க வேண்டும்?

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய இயற்பியலாளர்கள் தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் ஆகிய இருவரும் 1999இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். ஒன்பது அசைவுகளுக்குள் கட்டி முடிக்கக்கூடிய வழக்கமான முடிச்சுகள் மொத்தம் 85 என்று அவர்கள் காட்டினார்கள். அவற்றுள் பார்வைக்கு அழகாகவும் நிலையாகவும் இருப்பவை மிகச் சிலவே. ஃபோர் இன் ஹேண்ட் என்ற சிறிய முடிச்சும், அரை வின்ட்சர் என்ற நடுத்தர முடிச்சும் கைக்குப் பழகிவிட்டால் நம் ஊரில் நேரும் எல்லாச் சந்தர்ப்பங்களையும் சமாளிக்கலாம். உயரமானவர்களும் பருத்த கழுத்துள்ளவர்களும் பிராட் முடிச்சையும் கற்றுக்கொள்வது நல்லது.

ஃபோர் இன் ஹேண்ட் யாருக்குப் பொருந்தும்? எப்படிக் கட்டுவது?

இது குறைந்த நீளத்தை எடுத்துக்கொள்ளும் ஒல்லியான முடிச்சு. ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இதன் இயல்பு. அதை நேராக்க முயன்று முடிச்சைக் கசக்க வேண்டியதில்லை. கழுத்துக் குட்டையானவர்கள், ஒல்லியான தேகமுடைய மாணவர்கள், கனத்த டை வைத்திருப்பவர்கள், சாதாரண காலர் சட்டை அணிபவர்கள் என்று பலருக்கும் இது பொருந்தும். எனக்குத் தெரிந்து நேர்காணலுக்குச் செல்லும் இளைஞருக்கு இதைவிடக் கண்ணியமான முடிச்சு இல்லை.

காலரைத் தூக்கிவிட்டு, மேல் பட்டனைப் போட்டு, அகலமான முனை உங்கள் வலது பக்கமாக வரும்படி டையைத் தொங்க விடுங்கள். அகல முனை குறுகிய முனையைவிட ஏறக்குறைய ஓர் அடி தாழ்ந்து தொங்கட்டும். அகல முனையைக் குறுகிய முனையின் மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், அதன் அடியாக வலப்பக்கம் திருப்பி, மறுபடியும் முன்புறமாக இடப்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது கழுத்து வளையத்தின் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்புறம் உண்டான பட்டைக்குள் நுழைத்துக் கீழே இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும். குறுகிய முனையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சை மெதுவாக மேலே நகர்த்துங்கள்.

அரை வின்ட்சர் எப்போது தேவைப்படும்?

காலர் சற்று விரிந்திருந்தாலும், டைத்துணி மெல்லியதாக இருந்தாலும், தோள் அகன்றிருந்தாலும் தேவைப்படும். மெல்லிய பட்டிலோ வழவழப்பான பாலியஸ்டரிலோ ஃபோர் இன் ஹேண்ட் கட்டினால் முடிச்சு சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துப்போகும். அரை வின்ட்சரில் கழுத்து வளையத்தின் மேல் கூடுதலாக ஒரு சுற்று விழுவதால் முடிச்சுக்கு உடம்பு வந்துவிடும்.

தொடக்கம் முன்னர் சொன்னதுதான், ஆனால் அகல முனையை இன்னும் சற்றுத் தாழ்வாகத் தொங்க விட வேண்டும். அதைக் குறுகிய முனையின் மேலாக இடப்பக்கமும், அடியாக வலப்பக்கமும் கொண்டுபோங்கள். பிறகு மேலே தூக்கி, கழுத்து வளையத்தின் முன்புறத்திலிருந்து உள்ளே விட்டு இடப்பக்கமாகக் கீழே இழுங்கள். அங்கிருந்து முன்புறமாக வலப்பக்கம் கொண்டுவந்து, வளையத்தின் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்பட்டைக்குள் நுழைத்து இறுக்குங்கள். ஏறக்குறைய முக்கோண வடிவத்தில், பெரிய சாய்வு இல்லாமல் அமையும்.

முழு வின்ட்சர்தானே மிகவும் மதிப்பானது? எல்லோரும் அதைத்தானே கட்டச் சொல்கிறார்கள்?

அப்படிச் சொல்பவர்கள் ஏராளம். நான் அதை ஏற்கவில்லை. முழு வின்ட்சர் அகன்ற, இருபுறமும் ஒத்த, எளிதில் தளராத முடிச்சு என்பது உண்மை. ஆனால் அதற்கு நன்றாக விரிந்த காலரும், நீண்ட கழுத்தும், மெல்லிய துணியால் ஆன நீளமான டையும் தேவை. இந்த மூன்றும் ஒருவரிடம் ஒன்றாக அமைவது அரிது. நம் மாணவர்கள் அணியும் சாதாரண காலர் சட்டையில், உள்ளே கனத்த துணி வைத்துத் தைத்த பாலியஸ்டர் டையை முழு வின்ட்சராகக் கட்டினால் கழுத்தே மறைந்து, தாடைக்குக் கீழே முடிச்சு மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். பேசுகிறவருடைய கண்ணைப் பார்க்க வேண்டிய தேர்வாளர் அந்த முடிச்சைப் பார்ப்பார்.

இம்முடிச்சின் பெயருக்குரிய வின்ட்சர் கோமகன், அதாவது 1936இல் இங்கிலாந்தின் அரியணையைத் துறந்த எட்டாம் எட்வர்டு, இதைக் கட்டியவரே அல்லர். அவர் தம் டைகளைத் தடித்த உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லி, சாதாரண ஃபோர் இன் ஹேண்ட் முடிச்சையே கட்டினார். துணி தடித்திருந்ததால் முடிச்சு பெரிதாகத் தெரிந்தது. அந்தத் தோற்றத்தை மெல்லிய டையில் வரவழைக்க விரும்பிய மற்றவர்கள் சுற்றுகளைக் கூட்டிக் கட்டினார்கள். ஆகவே உங்கள் டை ஏற்கெனவே தடிப்பாக இருந்தால், கோமகன் செய்ததைப் போலச் சிறிய முடிச்சே போதுமானது.

நான் ஆறடிக்கு மேல் உயரம். எப்படிக் கட்டினாலும் டை வயிற்றோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

கட்டி முடித்து நிமிர்ந்து நிற்கும்போது டையின் கூர்முனை பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும் என்பதே அளவு. கடைகளில் கிடைக்கும் டைகள் பெரும்பாலும் 57 அல்லது 58 அங்குல நீளமே உள்ளவை. நடுத்தர உயரமும் 15 அல்லது 16 அங்குலக் கழுத்தும் உள்ளவருக்கு அது சரியாக இருக்கும். கழுத்துச் சுற்றளவு ஓர் அங்குலம் கூடினால் டையிலும் ஓர் அங்குலம் கழுத்துக்கே போய்விடும். முடிச்சில் சுற்றுகள் கூடக் கூட இன்னும் சில அங்குலங்கள் குறையும். ஆகவே உயரமானவரும் பருமனானவரும் முழு வின்ட்சரை மறந்துவிட வேண்டும்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சில பிராண்டுகள் 61 முதல் 63 அங்குலம் வரை நீளமுள்ள டைகளை விற்கின்றன, தேடி வாங்கலாம். அல்லது பிராட் முடிச்சைக் கற்றுக்கொள்ளலாம். இது ஷெல்பி முடிச்சு என்றும் அழைக்கப்படுகிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜெர்ரி பிராட் என்பவர் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ஷெல்பிக்கு இதைக் கட்டிக் காட்ட, 1989இல் செய்தித்தாள் வழியாக இது பரவியது. டையின் தையல் பக்கம் வெளியே தெரியும்படி கழுத்தில் போட்டு, அகல முனையைக் குறுகிய முனைக்கு அடியாக இடப்பக்கம் கொண்டுபோய், மேலிருந்து கழுத்து வளையத்துக்குள் விட்டு இடப்பக்கமாகவே இழுத்து, முன்புறமாக வலப்பக்கம் கொண்டுவந்து, வளையத்தின் அடியிலிருந்து எடுத்து முன்பட்டைக்குள் நுழைக்க வேண்டும். அரை வின்ட்சரைவிட ஓர் அசைவு குறைவு என்பதால் நீளம் மிஞ்சும், சாய்வும் இராது. பருத்த கழுத்துள்ளவர்களுக்கு இது மிகவும் பொருத்தமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் குள்ளமானவன். டை பெல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இங்கே கூடுதல் சுற்றுள்ள அரை வின்ட்சர் உதவும். மிஞ்சும் நீளத்தை அது எடுத்துக்கொள்ளும். காலர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் ஃபோர் இன் ஹேண்டையே கட்டி, அகல முனையைச் சரியான அளவில் நிறுத்திவிட்டு, பின்னால் நீண்டு தொங்கும் குறுகிய முனையை சட்டையின் இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ளே விட்டுவிடலாம். கோட் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. டையின் நுனியைப் பேண்டுக்குள் செருகுவது மட்டும் வேண்டாம்.

முக வடிவத்துக்கு ஏற்ற முடிச்சு என்று ஒன்று உண்டா?

ஓரளவுக்கு மட்டுமே உண்டு. நீண்டு ஒடுங்கிய முகத்துக்குச் சற்று அகன்ற முடிச்சும், உருண்டை முகத்துக்கு ஒல்லியாகக் கீழ்நோக்கி நீளும் முடிச்சும் எடுப்பாக இருக்கும். ஆனால் கழுத்தின் நீளமே இதைவிட முக்கியம். நாடிக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் வைக்க இடமில்லாதவர் எந்த முகத்தவராயினும் சிறிய முடிச்சைத்தான் கட்ட வேண்டும். அடர்ந்த தாடி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அப்பிச்சி காலத்து அகலமான டை ஒன்று வீட்டில் இருக்கிறது. கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். 1970களில் நான்கு அங்குலத்துக்கும் மேல் அகலமான டைகள் உலகெங்கும் புழக்கத்தில் இருந்தன. டையின் அகலமும், கோட்டின் மார்புப் பக்கம் மடிந்திருக்கும் லேப்பலின் அகலமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் என்பது பழைய, நல்ல விதி. இன்றைய ஒடுங்கிய லேப்பலுக்கு அந்த டை பெரிதாகத் தெரியும். அகன்ற லேப்பல் கொண்ட கோட்டுடன் அழகாக இருக்கும். முடிச்சு ஃபோர் இன் ஹேண்டாகவே இருக்கட்டும். துணி கனமாக இருந்தால் முடிச்சு தானாகவே நிரம்பும். உள்துணி சுருண்டிருந்தால் நல்ல தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்லலாம். அப்பிச்சி அணிந்ததைப் பேரன் அணிந்து மேடையில் நிற்பது வீட்டாருக்கு எவ்வளவு நிறைவு தரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை எந்த முடிச்சைக் கட்ட வேண்டும்?

அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்களும் முகூர்த்தமும் வேட்டிக்கும் உருமாலுக்கும் உரியவை; அங்கே டைக்கு இடமில்லை. வரவேற்பில்தான் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு நிற்கிறார். அவர் பல மணி நேரம் மேடையில் நின்று, குனிந்து பெரியவர்களிடம் ஆசி வாங்கி, நூற்றுக்கணக்கானோரோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே எளிதில் நெகிழாத, இருபுறமும் ஒத்த முடிச்சு வேண்டும். சூட்டுக்கென்று தைக்கும் சட்டையின் காலரைச் சற்று விரிவாக வைக்கச் சொல்லிவிட்டு அரை வின்ட்சர் கட்டுவதே என் பரிந்துரை. கட்டத் தெரிந்த மச்சான் ஒருவரைக் கூடவே நிற்கச் சொல்லுங்கள். அவ்வப்போது முடிச்சை மேலேற்றிச் சரிசெய்யும் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.

மணமகளின் சேலை நிறத்தில், சில வீடுகளில் சேலைத் துணியிலேயே, டை தைக்கிறார்கள். அதில் கவனிக்க வேண்டியவை உண்டு. டைத்துணியைக் கிராஸாக, 45 பாகையில் வெட்ட வேண்டும். அப்போதுதான் இழுத்தால் நெகிழ்ந்து கொடுத்து, அவிழ்த்தபின் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் என்பவர் 1920களில் இப்படிக் கிராஸாக வெட்டி மூன்று துண்டுகளாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டைகள் பெரும்பாலும் அந்த முறையில் உருவானவையே. நேராக வெட்டித் தைத்த டை ஒரே மாலையில் முறுக்கிக்கொள்ளும். அடுத்து, கனத்த ஜரிகை உள்ள பகுதியில் முடிச்சு விறைத்துப் பருத்துவிடும். முடிச்சு விழும் இடத்தில் ஜரிகை வராமல் வெட்டச் சொல்ல வேண்டும். சிறுமுகையில் நெய்யும் மென்பட்டுப் போன்ற துணியாக இருந்தால் அரை வின்ட்சரே கட்டலாம். கனமான பட்டாக இருந்தால் ஃபோர் இன் ஹேண்டுக்கு இறங்கிவிடுவது நல்லது.

வில் டை (போ டை) கட்ட நினைப்பவர்கள் கருப்புச் சூட்டோடு மட்டும் அதைக் கட்டட்டும். அதற்கு முடிச்சுத் தேர்வு என்ற சிக்கல் இல்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் டை கட்ட வேண்டியிருக்கிறது. முடிச்சில் ஏதும் மாற்றம் செய்யலாமா?

செய்யலாம். கரூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து வெயிலில் முடிச்சு பெரிதாக இருந்தால் கழுத்தின் முன்புறம் வியர்வை தேங்கிக் காலர் நனைந்துவிடும். சிறிய முடிச்சும், பின்னல் துணியாலான டையும் காற்றை விடும். பின்னல் டை தடிப்பானது என்பதால் அதற்கு ஃபோர் இன் ஹேண்ட் மட்டுமே பொருந்தும். பருத்திச் சட்டை அணியுங்கள். பேருந்திலோ பைக்கிலோ போகும்போது டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் முகம் கழுவிவிட்டுக் கட்டுங்கள்.

ஆடிக்காற்று வேறொரு பிரச்சினையைத் தருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியிலும் கோவையிலும் டையைத் தூக்கித் தோள்மேல் போட்டுவிடும். டை கிளிப்பைச் சட்டையின் மூன்றாவது, நான்காவது பட்டன்களுக்கு நடுவே, டையையும் சட்டையின் பட்டன் பட்டையையும் சேர்த்துப் பிடிக்குமாறு போட வேண்டும். டையை மட்டும் பிடித்தால் பயனில்லை.

பள்ளிக் குழந்தைகளுக்கு எந்த முடிச்சைக் கட்டிவிடலாம்?

சிறு குழந்தைகளுக்கு முடிச்சே வேண்டாம். எலாஸ்டிக் வைத்த டையும் கொக்கி டையும் ஓடி விளையாடும்போது எங்காவது சிக்கினால் நெகிழ்ந்தோ கழன்றோ விடும்; கட்டிய டை கழுத்தை இறுக்கும். ஏழாம், எட்டாம் வகுப்புக்கு மேல், அதுவும் நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் தாமே கிளம்ப வேண்டிய பிள்ளைகளுக்கு, ஃபோர் இன் ஹேண்டைக் கற்றுக்கொடுங்கள். எதிரே நின்று கட்டிக் காட்டினால் இடமும் வலமும் மாறிக் குழம்புவார்கள். பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி, அவர் பின்னால் நின்று, அவர் கையைப் பிடித்துக் கட்டிக் காட்டுவதே எளிது.

பெண்கள் கட்டும்போது ஏதேனும் வேறுபாடு உண்டா?

ஓட்டல் மேலாண்மை படிப்பவர்களுக்கும் சில நிறுவனங்களில் வரவேற்புப் பணியில் இருப்பவர்களுக்கும் டை சீருடையின் பகுதியாக இருக்கிறது. பெண்களுடைய சட்டைக் காலர் பொதுவாகச் சிறியது. ஆகவே இரண்டரை அங்குலத்துக்கு மேற்படாத டையும், ஃபோர் இன் ஹேண்ட் அல்லது பிராட் முடிச்சும் பொருந்தும். சீருடைக்கென்று கொடுக்கப்படும் டை ஆண்களின் நீளத்திலேயே இருந்தால், குள்ளமானவருக்கு மேலே சொன்ன வழியைப் பின்பற்றலாம்.

நான் இளம் வழக்கறிஞர். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக டை கட்டலாமா?

இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், அமர்வு நீதிமன்றம், நகர உரிமையியல் நீதிமன்றம் ஆகியவை தவிர்த்த பிற நீதிமன்றங்களில் வெள்ளைக் கழுத்துப்பட்டைக்குப் பதிலாகக் கருப்பு டை அணியலாம். மின்னும் துணி வேண்டாம்; மங்கலான கருப்பில் ஃபோர் இன் ஹேண்ட் கட்டினால் நாள் முழுவதும் அதைப் பற்றி நினைக்க வேண்டியிராது.

தொழிற்சாலைக்குள் டையோடு போகலாமா?

ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கட்டிய டையோடு போகவே கூடாது. இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். கோவையின் பம்புத் தொழிற்சாலைகளிலும் ஃபவுண்டரிகளிலும், திருப்பூரின் நிட்டிங் யூனிட்டுகளிலும், நூற்பாலைகளிலும் பையர்களை அழைத்துச் சென்று காட்டும் மேலாளர்கள் டையோடு குனிந்து இயந்திரத்தைச் சுட்டிக்காட்டுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கும் தொழிலாளி உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதற்குக் காரணம் தொங்கும் துணி சிக்கிக்கொள்ளும் என்பதுதான். மேலாளரின் டைக்கும் அதே ஆபத்து உண்டு. நன்றாகக் கட்டிய முடிச்சு எதுவும் இழுத்தால் அவிழாது, மேலும் இறுகும். கிளிப் போட்டிருப்பதும் பாதுகாப்பு ஆகாது. இயந்திரக்கூடத்துக்குள் போகும் முன் டையை அவிழ்த்து அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். அடிக்கடி உள்ளே போய்வர வேண்டியவர், இழுத்தால் உடனே கழன்று வரும் கொக்கி டையை அணியட்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: நோயாளியிடமிருந்து நோயாளிக்குத் தொற்றைக் கொண்டு செல்லக்கூடும் என்பதால், 2007 முதல் பிரிட்டனில் வார்டுகளில் டை தவிர்க்கப்படுகிறது. இங்கும் அதைப் பின்பற்றுவதே நல்லது.

எவ்வளவு இறுக்கமாகக் கட்ட வேண்டும்?

மேல் பட்டனைப் போட்டபின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். டை கழுத்தை நெரிப்பதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் சட்டைதான் சிறியது. முடிச்சு காலரைத் தொட்டு நின்றால் போதும். 2018இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், இறுகக் கட்டிய டை மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சராசரியாக 7.5 சதவீதம் குறைத்ததைக் கண்டார்கள். இறுகிய டை கண்ணின் உள்ளழுத்தத்தைக் கூட்டுவதை 2003இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே கண் அழுத்த நோய் உள்ளவர்கள் காலர் அளவில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது.

முடிச்சுக்குக் கீழே விழும் குழியை எப்படிக் கொண்டுவருவது?

முடிச்சுக்குச் சற்றுக் கீழே, டையின் நடுவில் விழும் அந்தச் சிறு குழிதான் கட்டியவரின் கவனத்தைக் காட்டுகிறது. முடிச்சை இறுக்குவதற்கு முன், அகல முனை முன்பட்டையிலிருந்து வெளிவரும் இடத்தில் ஆட்காட்டி விரலை நடுவில் வைத்து அழுத்தி, இரு ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உள்நோக்கிக் கிள்ளிப் பிடித்தபடியே இழுத்து இறுக்குங்கள். விரலை எடுத்தாலும் குழி நிற்கும். பட்டில் எளிதில் விழும்; மலிவான பாலியஸ்டரில் சற்றுப் பிடிவாதம் காட்டும்.

டை வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

குறுகிய முனையைப் பிடித்துத் தொங்க விடுங்கள். நேராகத் தொங்கினால் துணி ஒழுங்காகக் கிராஸில் வெட்டப்பட்டிருக்கிறது; முறுக்கிக்கொண்டால் வாங்க வேண்டாம், அதில் எந்த முடிச்சும் நேராக நிற்காது. பிறகு நடுப்பகுதியை இரண்டாக மடித்து விரல்களால் அழுத்திப் பாருங்கள். மிகவும் தடித்திருந்தால் அது ஃபோர் இன் ஹேண்டுக்கு மட்டுமே உதவும். பின்புறத்தில் தளர்வாகத் தெரியும் நூலை வெட்டிவிடாதீர்கள்; டை நெகிழ்ந்து கொடுப்பதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது. முதல் டை வாங்கும் மாணவருக்கு மூன்று அங்குல அகலத்தில், அடர் நீலத்தில், வேலைப்பாடில்லாத ஒன்று போதும்.

அவிழ்க்காமல் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, அப்படியே மாட்டி வைக்கலாமா?

வேண்டாம். கட்டத் தெரியாதவர்கள் நண்பர் கட்டிக்கொடுத்த முடிச்சைப் பல மாதங்கள் அப்படியே காப்பாற்றுகிறார்கள். முடிச்சு இருந்த இடத்தில் துணி மடிந்து, பளபளத்து, பிறகு எந்த முடிச்சும் ஒழுங்காக விழாமல் போகிறது. குறுகிய முனையை வெடுக்கென்று உருவுவதும் தையலைக் கெடுக்கும். கட்டிய வரிசையைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததும் ஓர் இரவு தொங்க விட்டால் சுருக்கங்கள் பெரும்பாலும் தாமே விலகும். பின்னல் டையை மட்டும் தொங்க விடாமல் சுருட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீண்டுவிடும். சுருக்கம் போகாத இடத்தில் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில், ஓரங்களை அழுத்தாமல் இஸ்திரி போடலாம். பட்டு டையில் சாம்பாரோ பாயசமோ சிந்திவிட்டால் தண்ணீர் போட்டுத் தேய்க்காமல், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு டிரை கிளீனிங் கடையில் கொடுத்துவிடுங்கள்.